தகர டின்னுக்குள் தூங்கிய சீட்டு



கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே குலை வெட்டும் வேலையில் இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஓர் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவரே பேசினார்.

"தம்பி, உள்ள அலமாரி மேல ஒரு மிலோ டின்னு இருக்கு. அதைக் கொஞ்சம் எடுத்தா."

எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, கோயில் ரசீது எல்லாம் அதில் இருந்தன. அடியிலிருந்து நாலாய் மடித்த ஒரு சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நம் தோட்டத்தில் நாமே நடத்திய மருத்துவ முகாமில் கொடுத்த சீட்டு அது. இரத்தத்தில் சர்க்கரை 17.8 என்று நீல மையில் எழுதியிருந்தது. கீழே, "கிளினிக்கிற்குச் செல்லவும்" என்று ஒரு வரி.

சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 11.1க்கு மேல் போனாலே அது இனிப்பு நீராக இருக்கலாம், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. இவருக்கோ 17.8.

"அண்ணே, ஏன் போகல?" என்று கேட்டேன்.

"போகச் சொன்னாங்க தம்பி. எந்த நாளு போறது, எப்படிப் போறதுன்னு யாரும் சொல்லல. உடம்புல வலியும் இல்ல. வேலையைப் போட்டுட்டு எப்படிப் போறது? அப்புறம் பார்த்துக்கலாம்னு டின்னுல வச்சேன்."

ஒரு வருடம் கழித்து, செம்பனை முள் ஒன்று பூட்ஸைத் துளைத்துக் காலில் ஏறியிருக்கிறது. அவருக்கு வலி தெரியவில்லை. இனிப்பு நீர் நரம்பை மரக்கச் செய்துவிட்டால் முள் குத்தினாலும் தெரியாது. புண் வந்து, விரல் கறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

தோழர்களே, அந்த முகாமை ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். பதாகை கட்டியவன் நான். நாற்காலி அடுக்கியவன் நான். வந்தவர்களோடு படம் எடுத்துக்கொண்டு, "அருமையாக நடந்தது" என்று கிளைக் கூட்டத்தில் அறிக்கை வாசித்தவனும் நான்தான். சீட்டு வாங்கிய எத்தனை பேர் கிளினிக்கிற்குப் போனார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மணிலாவிலிருந்து நம் லயம் வரை

இந்த மாதிரி முகாம்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். யாரோ ஒருவர் திடீரென்று நினைத்து நடத்துவதில்லை இது.

உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் வட்டார அலுவலகம் மணிலாவில் இருக்கிறது. மலேசியா அந்த வட்டாரத்தில் ஓர் உறுப்பு நாடு. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களைத் தடுக்க 2014 முதல் 2020 வரைக்கும் அந்த வட்டாரம் ஒரு செயல்திட்டம் வகுத்தது. இந்த நோய்களால் அகாலத்தில் சாகிறவர்கள் தொகையை 2025க்குள் 25 சதவீதம் குறைக்க வேண்டும், இனிப்பு நீர் மேலும் பரவாமல் நிறுத்த வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட குறிகளையே அதுவும் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டு சுகாதார அமைச்சும் சும்மா இருக்கவில்லை. 2010 முதல் 2014 வரை ஒரு தேசியத் திட்டம், பிறகு 2016 முதல் 2025 வரை இன்னொன்று. முதல் திட்டத்தின் காலத்தில், 2013இல் 'கோஸ்பென்' வந்தது. குடியிருப்புகளில் உள்ள சாதாரண மக்களையே தொண்டர்களாகப் பழக்கி, எடை பார்க்கவும், இரத்த அழுத்தம் பார்க்கவும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கவும் செய்து, கூடுதலாக இருப்பவர்களைக் கிளினிக்கிற்கு அனுப்பும் ஏற்பாடு அது. அதே 2013இல் சொக்சோ, 40 வயதை எட்டிய உறுப்பினர்களுக்கு இலவசப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 2019இல் 'பெக்கா பி40' வந்தது. அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் இலவசப் பரிசோதனை உண்டு.

ஆக, மேலே திட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. காகிதத்துக்கும் குறைவில்லை. ஆனால் மணிலாவில் புறப்பட்ட திட்டம் புத்ராஜெயாவுக்கு வந்து, மாநிலத்துக்கு வந்து, மாவட்டத்துக்கு வந்து, கடைசியில் நம் தோட்டத்துக்கு ஒரு துண்டுச் சீட்டாக வந்து, மிலோ டின்னுக்குள் படுத்துக்கொண்டது. கடைசி ஒரு மைலில்தான் அது செத்துப்போனது.

பாதிப் பேருக்குத் தெரியாத நோய்

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வைப் பாருங்கள். பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். அதில் 9.4 சதவீதத்தினர் தங்களுக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள். மீதி 8.9 சதவீதத்தினர் அறியாதவர்கள். அதாவது, நோயுள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒன்றும் தெரியாமல் தே தாரேக் குடித்துக்கொண்டு நடமாடினார்கள். இந்தியர்களிடையே அந்த அளவு 31.4 சதவீதம். பத்துப் பேர் பெரட்டில் நின்றால் மூன்று பேர்!

2023 ஆய்வில் நாடு முழுவதற்குமான அளவு 15.6 சதவீதமாக இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் நம் லயங்களில் நிம்மதியாகத் தூங்கும் அளவுக்கு நல்ல செய்தி இல்லை.

கொய்னா காலத்துப் பாடம்

எங்கள் பாட்டி சொல்லுவார். அவர் சிறுமியாக இருந்தபோது காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, கசப்புக் கொய்னாவை ஊற்றுவார்களாம். துப்பிவிடாமல் இருக்க விழுங்கும் வரை கங்காணி நின்று பார்ப்பாராம்.

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை 1897இல் ரோனல்ட் ராஸ் கண்டுபிடித்தார். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்துக் கால்வாய் வெட்டச் செய்து, கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சல் சாவைக் குறைத்துக் காட்டினார். பிறகு அந்த முறை ரப்பர் தோட்டங்களுக்கும் வந்தது. கால்வாய் வெட்டினார்கள். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் தெளித்தார்கள். அந்த எண்ணெய் டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு வாராவாரம் ஒவ்வொரு கானையும் தேடிப் போனவர்கள் நம் ஆட்கள். புத்தகத்தில் இருந்த கண்டுபிடிப்பு நம் பாட்டன் பிடித்த மண்வெட்டியால்தான் ஊருக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளைக்காரத் துரைமார்கள் இதைக் கருணையால் மட்டும் செய்துவிடவில்லை. காய்ச்சலில் கிடக்கும் ஆள் பால் வெட்ட மாட்டான் என்ற கணக்கும் இருந்தது. இருந்தாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அன்றைய வேலைக்கு நாள் இருந்தது, ஆள் இருந்தது, திரும்பத் திரும்பச் செய்யும் ஒழுங்கு இருந்தது. இன்று வருகிற நோய்க்கு நடுக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சத்தம் போடாமல் வருகிற திருடனுக்கு இன்னும் கூடுதலான காவல் தேவையல்லவா? நாமோ வருடத்துக்கு ஒரு நாள் கூடாரம் போட்டு, விரலைக் குத்தி, சீட்டைக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறோம்.

ஒரு வெள்ளி மருந்தும் 65 வெள்ளி நாளும்

"அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதானே? போகாதவன் மேல்தானே குற்றம்?" என்று படித்தவர்கள் கேட்பார்கள்.

நம் நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், உண்மை. ஆனால் 2025இல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்பவருக்கு நாள் கணக்கில் அது 65 வெள்ளி 38 காசு. கிளினிக்கிற்குப் போகிற அன்று அந்தப் பணம் போச்சு. பட்டணத்துக்குப் பஸ் கிடையாது, யாருடைய காரையாவது பிடிக்க வேண்டும். பெட்ரோல் காசு கொடுக்க வேண்டும். ஆக ஒரு வெள்ளி மருந்துக்கு எண்பது தொண்ணூறு வெள்ளி செலவு.

இன்னொரு சிக்கல். காய்ச்சலுக்குப் போனால் டாக்டர் எம்.சி. கொடுப்பார். இனிப்பு நீர் சோதனைக்கு, மருந்து வாங்க, இரத்தம் கொடுக்கப் போனால் பெரும்பாலும் 'டைம் சிலிப்'தான் கிடைக்கும். பல தோட்ட அலுவலகங்களில் டைம் சிலிப்பைக் காட்டினால் கிராணி, "இது எம்.சி. இல்லையே" என்று அரை நாளோ முழு நாளோ வெட்டிவிடுவார். இனிப்பு நீர் ஒரு முறை போய்த் தீர்கிற நோயா? ஆயுசு முழுக்கப் போக வேண்டிய நோய். அப்படியானால் ஆயுசு முழுக்கச் சம்பளம் வெட்டு வாங்க எந்தத் தொழிலாளிக்குத் துணிச்சல் வரும்?

இரண்டாவது முறை எப்படிச் செய்தோம்

அண்ணன் காலைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, பக்கத்துத் தோட்டத்தில் முகாம் போடும் பேச்சு வந்தபோது நான் சொன்னேன்: "பதாகை அப்புறம். முதலில் இரண்டாவது தேதியைப் பேசுவோம்."

முதலில் சுகாதாரக் கிளினிக்கிற்குப் போனோம். அங்கே இருந்த மூத்த தாதி ஒருவர் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "ஆளுக்கு ஒரு நாள்னு வந்தா உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். ஒரே தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரே நாள்ல தேதி போட்டா நீங்க ஒரே வண்டியில வரலாமே" என்றார். எவ்வளவு சின்ன விஷயம்! இத்தனை வருடமாக நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து மேனேஜர். முதலில் சிரித்தார். "யூனியன் இப்ப டாக்டர் வேலையும் பார்க்க ஆரம்பிச்சிடுச்சா?" என்றார். நான் வாதாடவில்லை. கால் போன அண்ணனைப் பற்றிச் சொன்னேன். இருபத்தெட்டு வருடம் பழகிய கை, அந்த இடத்துக்கு வந்த புது ஆள் எத்தனை குலை வெட்டுகிறான் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. இரண்டு கூட்டம் நடந்த பிறகு தோட்டத்து வேனைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். டைம் சிலிப் கொண்டுவந்தால் அரை நாள் சம்பளம் தருவதாகவும் சொன்னார். முழு நாள் கேட்டோம், கிடைக்கவில்லை. அந்தக் கோரிக்கை இன்னும் மேசை மேல் இருக்கிறது.

பிறகுதான் பெரிய முடிச்சு: பட்டியலை யார் வைத்திருப்பது? அலுவலகத்தில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உடனே ஒரு தம்பி எழுந்தார்.

"அண்ணே, எனக்குச் சர்க்கரை இருக்குன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா அரிவாளைப் புடுங்கிட்டுப் புல்லு வெட்டப் போடுவாங்க. அதுக்கு நான் சோதிக்காமலே இருந்துட்டுப் போறேன்."

அவர் பயம் நியாயமானது. ஆகவே நோட்டு ஆயாக்கொட்டகை அக்காவிடம் போனது. தோட்டத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தப் பிள்ளை யாருடையது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பள்ளிக்கூடத்து நோட்டில் பெயரும் தேதியும் மட்டும் எழுதுவார். சர்க்கரை எத்தனை, அழுத்தம் எத்தனை என்று எழுத மாட்டார். அது அவரவர் கிளினிக் புத்தகத்தில் இருக்கும். தேதிக்கு முதல் நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஏழு மணிக்கு வேன். பசியோட வரணும்னு சொல்லியிருக்காங்க, காப்பி குடிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அவ்வளவுதான் அவர் வேலை. அந்தத் தோட்டத்தில் திட்டம் உயிரோடு இருப்பது அந்த அக்காவின் சாயங்கால நடையால்தான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதம் வந்த சிலர் இரண்டாவது மாதம் வரவில்லை. ஒருவர் நாட்டு மருந்தே போதும் என்று நின்றுவிட்டார். வேன் ஒரு தடவை பழுதாகிவிட்டது. ஆனாலும் சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். உரம் போடும் ஓர் அக்காவுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவர் காலில் இன்று புண் இல்லை. அவர் கண் மங்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தில் கிடக்கும் நிலை அவருக்கு வராமல் இருக்க வழி பிறந்திருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் கேட்க வேண்டியவை

தோழர்களே, ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு மாதிரி. என்றாலும் சில விஷயங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போனால் பேச்சு உறுதியாக இருக்கும்.

40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. உங்கள் பிரதிநிதி யார் என்று கேளுங்கள். முகாமும், மறு தேதியும், வண்டியும் அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பில் ஏறட்டும். வாய்ப் பேச்சு காற்றில் போகும். குறிப்பில் ஏறியதை அடுத்த கூட்டத்தில் கேட்கலாம்.

தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு வீடு, தண்ணீர், சுகாதாரம், பிள்ளைகள் காப்பகம் இவற்றில் முதலாளிக்குள்ள கடமைகளை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. "தயவு பண்ணுங்க" என்று கேட்க வேண்டிய சமாச்சாரம் அல்ல இது.

டாக்டர் எம்.சி. கொடுத்துவிட்டால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உங்கள் உரிமை. வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்கு உட்பட்டவருக்கு 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் அந்த 60 நாளும் தனிக் கணக்கு, சாதாரண நோய் விடுப்பில் கழிக்கக் கூடாது. எம்.சி. கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். டைம் சிலிப்பைப் பற்றிய ஏற்பாட்டை நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் லயங்களில் இன்று இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் இருக்கிறார்கள். முள் ஆள் பார்த்துக் குத்துவதில்லை. அவர்களையும் அதே வரிசையில் நிறுத்துங்கள். அவர்களுக்குக் கிளினிக் கட்டணம் வேறு என்பதால், அதை யார் கட்டுவது என்று நிர்வாகத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இனிப்பு நீர் உள்ள ஆள் வீட்டில் இருந்தால், இரவு குளித்த பிறகு அவர் காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பாதத்தின் அடியையும், விரல் இடுக்கையும் பாருங்கள். ஈர பூட்ஸுக்குள் நாள் முழுக்க ஊறிய கால் அது. முள் ஏறியதை அவர் உணராமல் இருக்கலாம். உங்கள் கண்ணுக்குத் தெரியும். சின்னப் புண் என்றாலும் மஞ்சளைப் பூசிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மறுநாளே கிளினிக்கிற்கு அனுப்புங்கள்.

வாசலில் உட்காரப் போகிறவர்

போன வாரம் மறுபடியும் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்திலும் முகாம் வைக்கப் போகிறோம், இந்தத் தடவை மறு தேதியோடு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, அன்னைக்கு என் நாற்காலியைக் கொண்டுபோய் வாசல்ல போடு. சீட்டு வாங்கிட்டு வெளிய வர்றவன் என் முன்னாலதான் வரணும். இந்தக் காலைப் பார்த்துட்டு, எப்போ கிளினிக் போறேன்னு தேதியைச் சொல்லிட்டு அப்புறம் வீட்டுக்குப் போகட்டும்."

மிலோ டின்னில் இருந்த அந்தச் சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அதை என் பையில் வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துக் காட்டுகிறேன்.

உங்கள் வீட்டு டின்னிலும் அப்படி ஒரு சீட்டு கிடக்கிறதா, தோழர்களே? இன்று இரவே எடுத்துப் பாருங்கள். இருந்தால், நாளைக் காலைப் பெரட்டுக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போய் உங்கள் கிளைத் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம தோட்டத்துக்குக் கிளினிக் தேதி எப்போ?"